அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட: பி.ஆர். ஸ்பொன்சரா, சூப்பர் விசாவா?

2020 ஒக்டோபர் 13 ஆம் திகதி கனடாவின் குடிவரவுத் துறை இணையத்தில் ஒரு சிறிய படிவத்தைத் திறந்தது. அம்மா அப்பாவையோ, அப்பப்பா அம்மம்மாவையோ நிரந்தரமாகக் கூப்பிட விரும்புகிறவர்கள் தங்கள் பெயரைப் பதிந்து வைக்கும் படிவம். நவம்பர் 3 வரை நேரம் கொடுத்தார்கள். நான் முதல் நாளே நிரப்பிவிட்டேன். அன்றிரவு கொக்குவிலுக்குத் தொலைபேசி எடுத்து, "அம்மா, உங்களுக்குப் பதிஞ்சிட்டன்" என்றேன். "சரி தம்பி, வாற நேரம் வரட்டும்" என்றார்.

அந்தப் படிவத்துக்கு இன்றுவரை எனக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் அம்மா இப்போது ஸ்காபரோவில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். 2022 ஒக்டோபரில் சூப்பர் விசாவில் வந்தார், அதாவது பெற்றோர் வந்து நீண்ட காலம் தங்கிப் போகக் கொடுக்கும் விசாவில். இப்படி இரண்டு பக்கமும் கொஞ்சம் அலைந்தவன் என்று தெரிந்ததால், கோவிலிலும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு வாசலிலும் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, எது நல்லது?" அவர்களுக்கு வாயால் சொன்னதை ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். 2020 இல் பெயர் பதியாதவர்களுக்கு பி.ஆர். ஸ்பொன்சர், அதாவது நிரந்தர வதிவாளராகக் கூப்பிடுவது, இப்போதைக்குக் கையில் இல்லாத பொருள். பதிந்தவர்களுக்கும் அது லொத்தர். அதை நம்பி அம்மா அப்பாவின் வயதைச் செலவழிக்காதீர்கள். அவர்கள் ஓரளவு சுகமாக இருக்கும்போதே சூப்பர் விசாவில் கூப்பிடுங்கள். பி.ஆர். அழைப்பு வந்தால் அப்போது, அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எடுப்பதா விடுவதா என்று யோசியுங்கள். அழைப்பு வந்ததற்காகவே எடுக்க வேண்டும் என்று இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வரிசை எப்படி லொத்தர் ஆனது

பழைய காலத்தில் பெற்றோரைக் கூப்பிட எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பம் போடலாம். பிறகு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2011 நவம்பரில் ஏறத்தாழ 165,000 பேர் அந்த வரிசையில் நின்றார்கள். அப்போதைய அரசு புதிய விண்ணப்பங்களை அடியோடு நிறுத்தியது. நிறுத்தியதற்கு ஈடாக அடுத்த மாதமே, 2011 டிசம்பரில், சூப்பர் விசாவைக் கொண்டுவந்தது. அதாவது சூப்பர் விசா பிறந்ததே பி.ஆர். கதவு சாத்தப்பட்ட நேரத்தில்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பாதி விளங்கிவிடும்.

2014 இல் கதவு திரும்பத் திறந்தது, ஆனால் வருடத்துக்கு 5,000 விண்ணப்பம் மட்டும். யார் முதலில் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு. 2017 இல் முந்துகிற முறையை விட்டுக் குலுக்கலுக்குப் போனார்கள். 2019 இல் திரும்பவும் முந்துகிறவர்களுக்கு என்று இணையத்தில் படிவம் திறந்தார்கள். 27,000 இடங்கள் சில நிமிடங்களுக்குள் முடிந்தன. வேகமாகத் தட்டத் தெரியாதவர்கள், வேலையில் நின்றவர்கள், இணையம் மெதுவான இடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள். அன்று வேலை இடைவேளையில் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு முயன்று தோற்றவர்களில் நானும் ஒருவன்.

அப்புறம்தான் 2020 இன் படிவம். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் பதிந்தார்கள். அதற்குப் பிறகு புதிய பதிவே திறக்கவில்லை. 2021, 2022, 2023, 2024 என்று ஒவ்வொரு வருடமும் அந்தப் பழைய பட்டியலில் இருந்துதான் பெயர்களை எடுத்தார்கள். 2024 இல் 35,700 பேருக்கு அழைப்புப் போனது. 2025 ஜூலை 28 இல் தொடங்கி 17,860 பேருக்குப் போனது, எடுத்துக்கொள்ளும் விண்ணப்பம் 10,000 மட்டும். 2020 இல் கனடாவுக்கு வந்தே இருக்காத ஒரு பிள்ளைக்கு இதில் இடமே கிடையாது. அவர் எவ்வளவு உழைத்தாலும், எவ்வளவு வரி கட்டினாலும் சரி. இது எனக்கு இன்றுவரை மனதை உறுத்துகிற விஷயம்.

வருமானக் கணக்கு

பி.ஆர். அழைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் சோதனை வருமானம். குறைந்த வருமான எல்லை என்று அரசு ஒரு தொகை வைத்திருக்கிறது. அதற்கு மேல் இன்னும் 30 வீதம் கூட்டி, அந்தத் தொகையை விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று வரி ஆண்டுகளிலும், ஒன்று விடாமல், நீங்கள் காட்ட வேண்டும். கொரோனாக் காலமான 2020 க்கும் 2021 க்கும் மட்டும் அந்த 30 வீதத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

ஆட்களை எண்ணும்போது பலர் பிழை விடுகிறார்கள். நீங்கள், மனைவி, பிள்ளைகள், வரப்போகும் அம்மா, அப்பா எல்லோரும் கணக்கு. முந்தி யாரையாவது ஸ்பொன்சர் செய்து அந்தப் பொறுப்புக் காலம் முடியாமல் இருந்தால் அவரும் கணக்கு. கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், பெற்றோர் இருவர் என்றால் ஆறு பேர். 2023 வரி ஆண்டுக்கு அந்த ஆறு பேருக்குத் தேவைப்பட்ட தொகை 85,020 டொலர். அதே ஆறு பேருக்குச் சூப்பர் விசா என்றால் 30 வீதம் கூட்டத் தேவையில்லை: 65,400 டொலர். அதுவும் மூன்று வருடத்துக்கு இல்லை, ஒரு வருடக் கணக்குத்தான் கேட்டார்கள். தொகை வருடா வருடம் ஏறும், ஆகவே விண்ணப்பிக்கும் நேரத்தில் புதிய பட்டியலைப் பாருங்கள்.

இரண்டிலும் கணவனும் மனைவியும் வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் பி.ஆர். விண்ணப்பத்தில் கூடக் கையெழுத்து வைக்கிற மனைவிக்கோ கணவனுக்கோ உங்களுக்குள்ள அதே பொறுப்பு முழுக்க வரும். அண்ணன் தம்பி அக்கா தங்கையின் வருமானத்தைச் சேர்க்க முடியாது. மாமா மாமியை நீங்கள் நேரடியாக ஸ்பொன்சர் செய்யவும் முடியாது. அதை மனைவிதான் செய்ய வேண்டும், நீங்கள் கூடக் கையெழுத்து வைக்கலாம்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். நாங்கள் நாலு பேர், அம்மாவோடு ஐந்து. 2023 க்கு ஐந்து பேருக்கான தொகை 75,384 டொலர். அந்த வருடம் நான் வேலை செய்த இடத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். ஏழு மாதம் வேலையின்மைக் கொடுப்பனவில் இருந்தேன். அந்தக் காசு கையில் வந்தாலும் ஸ்பொன்சர் கணக்கில் அதை வருமானமாக எடுப்பதில்லை. மகப்பேறு, சுகவீனம் போன்றவற்றுக்கு வரும் கொடுப்பனவை எடுப்பார்கள், சாதாரண வேலையின்மைக்கு வருவதை எடுக்க மாட்டார்கள். 2025 ஜூலையில் எனக்கு அழைப்பு வந்திருந்தால் 2022, 2023, 2024 மூன்றையும் கேட்டிருப்பார்கள். நடு வருடத்தில் விழுந்திருப்பேன். ஐந்து வருடம் காத்திருந்த பிறகு! அழைப்பு வரவில்லையே என்ற என் கவலை அன்றைக்குக் கொஞ்சம் அடங்கியது.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வரி மதிப்பீட்டுக் கடிதத்தில் 15000 என்று இலக்கமிட்ட வரிசையில் வரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். துப்புரவு ஒப்பந்தம், பார வண்டி ஓட்டம், சிறிய கடை என்று இருப்பவர்கள் செலவுகளை எல்லாம் கழித்த பிறகு மிஞ்சும் தொகைதான் அங்கே வரும். வரி குறைய வேண்டும் என்று செலவை இழுத்து இழுத்துக் காட்டினால், அம்மாவைக் கூப்பிடும் நாளில் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிராக நிற்கும். பெற்றோரைக் கூப்பிடும் எண்ணம் இருந்தால் கணக்காளரிடம் அதை இன்றைக்கே சொல்லி வையுங்கள். உழைத்ததை உழைத்தபடி காட்டுங்கள். மூன்று வருடம் பின்னோக்கித் திருத்துவது யாருக்கும் நடக்காத காரியம்.

இருபது வருடக் கையெழுத்து

பி.ஆர். ஸ்பொன்சரில் நீங்கள் வைக்கும் கையெழுத்துக்கு 20 வருட ஆயுள், கியூபெக்கில் மட்டும் 10. அம்மா அப்பா நிரந்தர வதிவாளராகிற நாளில் இருந்து அது ஓடத் தொடங்கும். அந்தக் காலத்துக்குள் அவர்கள் அரசின் சமூக உதவிப் பணம் எடுத்தால் அதை நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டும்வரை வேறு யாரையும் ஸ்பொன்சர் செய்ய முடியாது. வேலை போனாலும், கணவன் மனைவி பிரிந்தாலும், உங்களுக்கே சுகமில்லாமல் போனாலும் கையெழுத்து கையெழுத்துத்தான்.

எனக்கு இப்போது 46 வயது. நாளைக்கே அம்மா பி.ஆர். ஆனாலும் என் பொறுப்பு எனக்கு 66 வயதாகும் வரை. அம்மாவைப் பார்ப்பது எனக்குப் பாரம் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து என் மனைவியுடையதும்தான். அவரோடு இருந்து ஆறுதலாகப் பேசாமல் அதை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பேசாமல் வைத்துவிட்டு, பிறகு வீட்டுக்குள் அது வேறு வேறு சண்டைகளாக வெளிவந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

சூப்பர் விசாவில் இந்த இருபது வருடம் கிடையாது. நீங்கள் எழுதும் அழைப்புக் கடிதத்தில் அவர்களைப் பராமரிப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உண்மையான வித்தியாசம் ஆஸ்பத்திரியில்தான் தெரியும்

வருமானத்தையும் கையெழுத்தையும் எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டு பாதைகளும் உண்மையில் பிரிகிற இடம் மருத்துவம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பி.ஆர். ஆக வந்தால் ஒன்ராறியோவில் ஓஹிப் அட்டை, அதாவது மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டை, கிடைக்கும். முந்தி மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும், 2020 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். ஓஹிப் இருக்கும் ஒருவருக்கு 65 வயதானால் வைத்தியர் எழுதும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை மாகாணமே பொறுப்பெடுக்கும். சீனி வருத்தமும் பிரசரும் உள்ள ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று மருந்துக் கடையில் காசு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லம் தேவைப்பட்டாலும் ஓஹிப் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம்.

சூப்பர் விசாவில் ஓஹிப் கிடையாது. குறைந்தது ஒரு வருடத்துக்கு, குறைந்தது 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துக் காட்ட வேண்டும். முந்தி கனடியக் கம்பனிகளிடம் மட்டும்தான் வாங்கலாம். 2025 ஜனவரியில் இருந்து, கனடாவின் நிதிக் கண்காணிப்பு அலுவலகம் அனுமதித்த வெளிநாட்டுக் கம்பனியிடமும் வாங்கலாம். விலை கேட்டு வாங்கிய கடிதம் மட்டும் போதாது, காசு கட்டியிருக்க வேண்டும். தவணையாகக் கட்டும் வசதியும் உண்டு.

இந்தக் காப்புறுதியைப் பலர் ஓஹிப் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். இது அவசரத்துக்கானது. விழுந்து கால் முறிந்தால், நெஞ்சு வலி வந்தால் உதவும். மாதா மாதம் போடும் மாத்திரைக்கும், சீனி பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கும், பல்லுக்கும், கண்ணாடிக்கும் உதவாது. ஏற்கனவே உள்ள வருத்தத்துக்கும் சேர்த்து எடுத்தால் கட்டணம் கூடும். அதிலும் பயணத்துக்கு முந்திய 90 நாளோ 180 நாளோ அந்த வருத்தம் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். மாற்றம் என்றால் வருத்தம் கூடுவது மட்டும் இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதுவும் மாற்றம்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது. ஊரில் வைத்தியர் அப்பாவின் பிரசர் மாத்திரையைப் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னால் மாற்றியிருந்தார். நல்ல எண்ணத்தில், பயணத்துக்கு முன் கட்டுக்குள் கொண்டுவர. வந்து மூன்றாம் கிழமை மாரடைப்பு. கம்பனி ஊர் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. அந்தப் பிள்ளைகள் இன்னும் ஆஸ்பத்திரிக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவைக் கூப்பிடும்போது இந்தக் கதை என் காதுக்குள்ளேயே இருந்தது. காப்புறுதி வாங்க முன் முகவரிடம் ஒரேயொரு விஷயத்தை எழுத்தில் கேட்டேன்: அம்மாவின் மாத்திரைகளின் பட்டியல் இது, கடைசியாக மாற்றிய திகதி இது, இதற்குப் பணம் கிடைக்குமா? எழுத்தில் பதில் வந்த பிறகுதான் காசு கட்டினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நாலு இடத்தில் விலை மலிவாகத் தேடுவதைவிட இந்த ஒரு கேள்வி முக்கியம்.

சரி, அப்படியென்றால் மருத்துவத்துக்காகவே பி.ஆர். நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், கிடைத்தால். அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடும்போது அவர்களின் வருத்தம் மருத்துவச் செலவைக் கூட்டும் என்று சொல்லி மறுக்க மாட்டார்கள். பெற்றோருக்கு அந்த விலக்கு இல்லை. கனடாவின் மருத்துவத்துக்கு அளவுக்கு மீறிய செலவு வரும் என்று கண்டால் மறுக்கலாம். 2018 இல் அந்தச் செலவு எல்லையை மூன்று மடங்காக உயர்த்தினார்கள், அதனால் சாதாரண சீனி வருத்தமும் பிரசரும் உள்ளவர்கள் பயப்படத் தேவையில்லை. ஆனால் கிட்னி பழுதாகி இரத்தச் சுத்திகரிப்பில் இருக்கும் ஒருவருக்கு இது பெரிய தடை. அழைப்புக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் அம்மா அப்பாவுக்கு ஒரு வயது கூடுகிறது என்பதைச் சேர்த்து யோசியுங்கள். சூப்பர் விசாவுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு, அதையும் சுகமாக இருக்கும்போது முடிப்பதுதான் இலகு.

மறுப்பு வந்தால் என்ன செய்யலாம் என்பதிலும் இரண்டும் ஒன்றில்லை. பி.ஆர். ஸ்பொன்சர் மறுக்கப்பட்டால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போய் மனிதாபிமானக் காரணங்களையும் சொல்லலாம். சூப்பர் விசா மறுக்கப்பட்டால் அந்த வழி கிடையாது. பெரும்பாலானோர் குறைகளைத் திருத்தித் திரும்ப விண்ணப்பிக்கிறார்கள்.

போவதும் வருவதும்

சூப்பர் விசா 10 வருடம் வரை செல்லும், எத்தனை தடவையும் போய் வரலாம். 2022 ஜூலை 4 வரை ஒரு வருகையில் இரண்டு வருடம் நிற்கலாம் என்று இருந்தது. அன்றிலிருந்து ஐந்து வருடம். முடியும் முன் உள்ளே இருந்தபடியே நீட்டிக்கவும் விண்ணப்பிக்கலாம். சாதாரண வருகை விசாவில் வழக்கமாக ஆறு மாதம்தான். பிரசவம் பார்க்க, கல்யாணத்துக்கு, ஒரு கோடை காலத்துக்கு என்றால் அதுவே போதும். அதற்கு மேல் என்றால் சூப்பர் விசா.

இங்கே ஒரு சின்ன விஷயம்: விசா கடவுச்சீட்டின் ஆயுளைத் தாண்டிப் போகாது. கடவுச்சீட்டில் மூன்று வருடம்தான் மிச்சம் என்றால் விசாவும் மூன்று வருடத்துக்குத்தான் வரும். விண்ணப்பிக்க முன் புதுக் கடவுச்சீட்டு எடுங்கள். அம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம். கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு அலைவது வயதானவர்களுக்குப் பெரிய சிரமம். 79 வயதைத் தாண்டியவர்களுக்கு அது தேவையில்லை என்பதால், அம்மம்மாவைக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு அலைச்சல் குறையும்.

பி.ஆர். என்றால் ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். கேட்க இலகுதான். ஆனால் என் நண்பன் ஒருவனின் அப்பாவைப் பார்த்த பிறகு அதையும் யோசிக்கிறேன். 2021 இல் அழைப்பு வந்து, 2023 இல் அம்மாவும் அப்பாவும் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள மார்க்கம் நகரத்துக்கு வந்து இறங்கினார்கள். அப்பா சாவகச்சேரியில் தென்னங்காணி பார்த்த மனிதர். முதல் பனிக்காலம் முழுவதும் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தார். பஸ் எடுக்கத் தெரியாது, கதைக்க ஆள் இல்லை, பிள்ளைகள் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்த சித்திரைக்கு ஊருக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அம்மா பேரப்பிள்ளைகளோடு இங்கே. கல்யாணம் முடித்த நாளில் இருந்து பிரிந்திருக்காத இருவர் இப்போது வட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள். அப்பா குறித்த காலத்துக்குள் வந்து மிச்ச நாட்களை நிரப்பாவிட்டால் பி.ஆர். போகும், அதோடு கட்டிய காசும் வருடங்களும். நண்பன் அவரை வா என்றும் சொல்ல முடியாமல், இரு என்றும் சொல்ல முடியாமல் நிற்கிறான். அவர் முதலில் சூப்பர் விசாவில் வந்து ஒரு பனிக்காலத்தைப் பார்த்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

நீண்ட காலம் இங்கேயே வாழப் போகிறவர்களுக்கு பி.ஆர். வேறு கதவுகளையும் திறக்கும். வேலை செய்யலாம். சூப்பர் விசாவில் முடியாது. பேரப்பிள்ளையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை செய்ய விரும்பும் 58 வயது அம்மாக்களும் இருக்கிறார்கள், அவர்களை மறக்கக் கூடாது. கனடாவில் 10 வருடம் வாழ்ந்தவர்களுக்கு 65 வயதில் முதியோர் ஓய்வூதியத்தில் ஒரு பங்கு கிடைக்கும். முழுத் தொகைக்கு 40 வருடம் வேண்டும் என்பதால் 10 வருடத்துக்கு நாலில் ஒரு பங்கு. குடியுரிமைக்கு 55 வயது ஆனவர்களிடம் மொழிப் பரீட்சையும் அறிவுப் பரீட்சையும் கேட்பதில்லை. இன்னொன்று: ஊரில் 22 வயதுக்குக் குறைந்த, கல்யாணம் ஆகாத தம்பியோ தங்கையோ இருந்தால் பி.ஆர். விண்ணப்பத்தில் அவரையும் சேர்க்கலாம். சூப்பர் விசாவில் தம்பி தங்கையைச் சேர்க்க முடியாது. கடைசிப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு எந்த அம்மாவும் மனதார விமானம் ஏற மாட்டார்.

செலவைப் பற்றி ஒரு வரி. 2024 இல் இருந்த கட்டணப்படி ஒரு பெற்றோருக்கு பி.ஆர். விண்ணப்பத்துக்கு எல்லாமாக 1,205 டொலர், கைரேகைக்கு 85. சூப்பர் விசாவுக்கு 100 டொலரும் கைரேகைக்கு 85 உம். பார்த்தால் சூப்பர் விசா மலிவு. ஆனால் காப்புறுதி வருடா வருடம் வரும், வயதோடு ஏறும். ஐந்து வருடக் காப்புறுதியைக் கூட்டினால் பி.ஆர். தான் மலிவு. எங்கள் வீட்டில் மாதம் ஒரு தொகையை அதற்கென்றே ஒதுக்கி வைத்துவிடுகிறோம்.

மற்ற நாடுகளில்

உறவுகள் பரந்து கிடப்பதால், கனடாவில் முடியாவிட்டால் வேறு பிள்ளையிடம் போகலாமா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 21 வயதான குடிமகன் அம்மா அப்பாவை எண்ணிக்கை வரம்பு இல்லாமல் கூப்பிடலாம். ஆனால் அம்மம்மாவை முடியாது, பச்சை அட்டை மட்டும் உள்ள பிள்ளையாலும் முடியாது. அவுஸ்திரேலியாவில் பிள்ளைகளில் குறைந்தது பாதிப்பேர், அல்லது வேறு எந்த ஒரு நாட்டிலும் இருப்பதை விடக் கூடப்பேர், அங்கே இருக்க வேண்டும், விரைவான வழிக்கு ஒரு ஆளுக்குப் பல பத்தாயிரம் டொலர் கட்ட வேண்டும். பிரித்தானியாவில் 2012 இல் விதியை இறுக்கிய பிறகு, அன்றாடத் தேவைகளுக்கு இன்னொருவரின் துணை கட்டாயம் வேண்டிய நிலையில், அந்தத் துணை ஊரில் கிடைக்காது என்று நிறுவினால்தான் வழி. ஆகவே அமெரிக்கக் குடியுரிமை உள்ள அக்காவோ அண்ணனோ இருந்தால் அதையும் குடும்பமாகப் பேசுங்கள். மற்றபடி இங்கே இருப்பது மோசமில்லை.

யாருக்கு எது

அப்பா அம்மா இருவரும் இருந்து, ஊரில் வீடு வளவும் சொந்தமும் இருந்து, பேரப்பிள்ளைகளோடு சில காலம் இருக்க விரும்புகிறவர்கள் என்றால் சூப்பர் விசாவே போதும் என்பது என் அபிப்பிராயம். அழைப்பு வந்தாலும் யோசித்து எடுங்கள். ஊரில் பார்க்க ஆள் இல்லாத, தனியே இருக்கும் அம்மாவோ அப்பாவோ என்றால் பி.ஆர். அழைப்பு வந்தவுடன் எடுத்துவிடுங்கள். வருமானம் மூன்று வருடமும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். அழைப்பு வராதவர்கள், பட்டியலிலேயே இல்லாதவர்கள் சூப்பர் விசாவைத் தள்ளிப் போடாதீர்கள். பி.ஆர். விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூப்பர் விசாவில் வந்து நிற்பதற்கும் தடை இல்லை. அந்த இரண்டு மூன்று வருடத்தை ஏன் வீணாக்க வேண்டும்?

எதைச் செய்தாலும் அம்மா அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் 2020 இல் படிவம் நிரப்பிய பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன், முதலில் கேட்கவில்லை. அவர் சூப்பர் விசாவில் வந்து இரண்டாம் வருடம், ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கேட்டேன்: "அம்மா, பி.ஆர். வந்தால் இங்கையே இருப்பியளோ?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இருப்பன் தம்பி. ஆனா கொக்காவையும் இடைக்கிடை பாக்க வேணும். வீட்டை வித்துப்போடாதை" என்றார். அக்கா வவுனியாவில் இருக்கிறார். அம்மாவுக்கு இரண்டு வீடு வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அம்மாவின் ஐந்து வருடம் 2027 ஒக்டோபரில் முடிகிறது. அதற்கு முன், அந்த வருடம் ஜூலையில், அவரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போக யோசித்திருக்கிறோம். நல்லூர்த் தேர் முடியும்வரை அக்காவோடு நிற்பார். பிறகு புதுக் காப்புறுதியோடு திரும்ப வருவார். மாத்திரைப் பட்டியலை மட்டும் ஜனவரிக்குப் பிறகு மாற்ற வேண்டாம் என்று இங்குள்ள வைத்தியரிடம் கேட்க முடியாது, அவர் அம்மாவுக்கு எது தேவையோ அதைத்தான் செய்ய வேண்டும். ஆகவே மாற்றும் ஒவ்வொரு திகதியையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் என் மகள் எழுதிக்கொண்டு வருகிறாள்.